இலை மஞ்சளானால்...

அறையில் வளரும் போன்சாய் ஆலின் இலை மஞ்சளானால் உடனே தண்ணீர் ஊற்றுகிறோம். அது தவறு. நீர் தேங்கினால் காற்றின்றி வேர் அழுகும். அதனாலும் இலை மஞ்சளாகும். எனவே மேல்மண் காய்ந்த பின்னரே நீர் விடுக. தொட்டியின் அடித்துளை அடைபடாமலும், வெளிச்சம் குறையாமலும் பார்த்துக்கொள்க.

அடுத்து, எந்த இலை மஞ்சளாகிறது என நோக்குக. தழைச்சத்து குறைந்தால், அது முதிர்ந்த இலையிலிருந்து தளிருக்குப் பெயரும். முதிர்ந்த இலையே முதலில் மஞ்சளாகும். இரும்புச்சத்து அவ்வாறு எளிதில் பெயராது. ஆகவே தளிர் வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சையாயிருக்கும்.

இவ்வறிவு தொட்டியோடு நிற்பதன்று. சென்ற ஆண்டு அனந்தபுரத்தில் எங்கள் மணிலாக் கொல்லையில் தளிர் வெளுத்தது. அப்பா கடன் வாங்கி யூரியா போடப் புறப்பட்டார். தளிரைக் காட்டித் தடுத்தேன். ஒரு சதவீத அன்னபேதிக் கரைசல் தெளித்தோம். பச்சை திரும்பியது. கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்த அப்பா சொன்னார்: “படிக்க வெச்சது வீண் போகலைடா.”

– இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., தாவரவியல்