கை ஓய்ந்தால் மனம் சோரும்

சூடடித்து நெல்லை வீடு சேர்த்தபின் திண்ணையில் சாய்ந்திருப்பது கமக்காரருக்கு மருந்து. வயலை விட்டு வந்தபின் கிடைப்பதோ ஓய்வன்று, வேலையின்மை. ஓய்வு களைப்பை ஆற்றும். வேலையின்மை களைப்பைக் கொண்டுவரும். இடம்பெயர்ந்த குடும்பங்களில் ஆண்கள் சந்தியிலே பொழுதைப் போக்குவதையும், சிறு பேச்சும் சண்டையாவதையும், சிலர் மதுவை நாடுவதையும் நாம் காண்கிறோம். இதைச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. விதைப்பு, களையெடுப்பு, அறுவடை என்று நாளுக்கு ஒழுங்கு தந்த பயிர் இல்லாமற் போனதால் வந்த சலிப்பு இது. அந்த ஒழுங்கைச் சிறிய அளவிலாவது நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு மூன்று வேலைகளை ஒன்றாகத் தொடங்குவது நல்லது.

1. ஓரிரு நாளில் முடியும் வேலை: பனங் குருத்தோலையை வெயிலில் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்துகொள்ளுங்கள். பின்னும்போது சிறிது நனைத்தால் ஓலை ஒடியாது. முதலில் தடுக்கு, பிறகு பெட்டி, கடகம் எனப் பழகலாம். ஆச்சிமாருக்குத் தெரிந்த கலை இது. பிள்ளைகளை அவர்கள் பக்கத்தில் இருத்துங்கள். ஆண்கள் தும்பிலே கயிறு திரிக்கலாம். மண்வெட்டிக்குப் பிடி போடலாம்.

2. ஒரு மாதத்துக்குள் பலன் தருவது: முளைக்கீரை. விதைத்து மூன்று, நான்கு வாரங்களில் கறிக்கு எடுக்கலாம்.

3. இரண்டு மாதமளவில் பலன் தருவது: வெண்டி, பயற்றை.

நிலம் இல்லையென்றால், நன்கு கழுவிய உரப்பையின் அடியில் துளைகள் இட்டு, மேல்மண், மணல், மட்கிய மாட்டெரு மூன்றையும் சம அளவாக நிரப்புங்கள். அரிசி, மரக்கறி கழுவிய நீரே போதும். போகும்போது பையையும் கொண்டு போகலாம்.

“நாளைக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு இங்கே எதற்குத் தோட்டம்?” என்று சிலர் கேட்பார்கள். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்களும் விரைவில் திரும்புவோம் என்றே நம்பினார்கள். அவர்களிற் பலர் 25 ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது. இங்கே ஒரு விதை ஊன்றுவதால் சொந்தக் காணியை மறந்தவர்கள் ஆகமாட்டோம். நல்ல காய்கள் இரண்டைச் செடியிலேயே முற்றவிட்டு, விதையை உலர்த்திச் சாம்பல் கலந்து போத்தலில் மூடி வையுங்கள். திரும்பும் நாளில் அது நம்மோடு வரும்.

அளவும் வேண்டும். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் போதும். உச்சி வெயிலில் இளைப்பாறுங்கள். விற்பனையைப் பற்றி இப்போதே கணக்குப் பார்க்க வேண்டாம். முதலில் கை பழகட்டும். ஊணும் உறக்கமும் இன்றி ஒருவர் பல நாள் ஒடுங்கியிருந்தால், வேலை மட்டும் போதாது. அவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கூடிப் பேசுவோம்:

• நம் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தெரிந்த கைத்தொழில் என்ன?

• அதை யாருக்குக் கற்றுக் கொடுக்கலாம்?

• இந்த வாரம் எதை விதைக்கப் போகிறோம்?