மாவும் பொடியும் எத்தனை நாள் தாங்கும்?

கிராமங்களில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் நடத்திவரும் தொழில்களுள் பொடி வகைகளுக்குச் சிறப்பான இடம் உண்டு. சத்துமாவு, கம்பு மாவு, மிளகாய்ப் பொடி, மஞ்சள் பொடி ஆகியவை உள்ளூர் எந்திரத்தில் அரைபட்டு வெளியூர்க் கடைகளுக்குச் செல்லுகின்றன. பொட்டலத்தின்மேல் காலாவதித் தேதி அச்சிடுதல் சட்டப்படி கட்டாயமாகும். அத்தேதியை நிர்ணயிப்பது எங்ஙனம்? பிறருடைய பொட்டலத்தைப் பார்த்து "ஆறு மாதம்" என்று எழுதிவிடுதல் முறையன்று. சத்துமாவு குழந்தைகள் உண்ணும் பொருள். குறித்த தேதிக்கு முன்னரே அது கெடுமாயின் குழந்தையின் உடலுக்கும் கேடு. குழுவின் நற்பெயருக்கும் கேடு. ஆதலின் தேதி என்பது பரிசோதனையின் முடிவாக அமைதல் வேண்டும். அம்முறைகளை இங்குக் காண்போம்.

கெடுவதன் காரணம்

முழுத் தானியம் பல மாதம் தாங்கும். அதனையே அரைத்துவிட்டால் விரைவில் கெடும். தானியத்தினுள் தனித்தனியே இருந்த கொழுப்பும் நொதிப் பொருள்களும் அரைக்கும்போது ஒன்று கலக்கின்றன. காற்றும் ஈரமும் படும் பரப்பும் பன்மடங்கு பெருகுகின்றது. கம்பில் ஏறத்தாழ 5 சதவீதம் கொழுப்பு உண்டு. அதனால்தான் கம்பு மாவு சில நாள்களிலேயே கசக்கத் தொடங்குகின்றது. ஈரம் மிகுந்தால் பொடி கட்டியாகும். பின்னர்ப் பூஞ்சணம் பிடிக்கும். எனவே ஈரம், கட்டியாதல், காறல் வாடை ஆகிய மூன்றையும் நாம் அளந்தறிய வேண்டும்.

ஈரம் அறிதல்

மாவை நிறுத்து, சூட்டடுப்பில் உலர்த்தி, ஈரம் படாமல் ஆறவைத்து மீண்டும் நிறுத்தால், குறைந்த எடையே ஈரத்தின் அளவாகும். 5 கிராம் மாவு 4.55 கிராமாகக் குறைந்தால் ஈரம் 9 சதவீதம். கோதுமை மாவுக்கு 130 முதல் 133 டிகிரி சென்டிகிரேட் சூட்டில் 2 மணி நேரம் உலர்த்திக் கணக்கிடுவர். 14 சதவீதத்துக்கு மேற்படலாகாது என்பது விதி. மிளகாய்ப் பொடிக்கு 11 சதவீதமும் மஞ்சள் பொடிக்கு 10 சதவீதமும் உச்ச வரம்பு. மசாலைப் பொடிகளை உலர்த்தினால் அவற்றின் வாசனை எண்ணெயும் ஆவியாகி, ஈரம் மிகுதியாகத் தோன்றும். ஆகையால் அவற்றை டொலுயீனுடன் கொதிக்க வைத்து, வடியும் நீரை மட்டும் அளக்கும் முறை ஆய்வுக்கூடங்களில் கையாளப்படுகின்றது. நுட்பமான தராசு தேவையாதலின், இச்சோதனைக்கு ஆய்வுக்கூடத்தை நாடுதலே நலம்.

உப்பு ஜாடிச் சோதனை

இதனைக் குழுவினரே செய்யலாம். மூடியுள்ள கண்ணாடி ஜாடியின் அடியில் தூள் உப்பை இட்டு, கூழாகும் அளவுக்கு மட்டும் நீர் விடுக. உப்புக் கரையாமல் எஞ்சி நிற்றல் வேண்டும். ஜாடியினுள் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதமாக நிலைபெறும். நம் ஐப்பசி, கார்த்திகை மாதத்து மழைக்காலத்தை ஜாடிக்குள் அடைத்துவிட்டதாகக் கொள்ளலாம். கல் உப்பில் மக்னீசிய உப்பும் கலந்திருக்குமாதலால் அதனைத் தவிர்க்க.

உப்புக் கூழில் படாதவாறு ஒரு கிண்ணத்தில் நிறுத்த பொடியை வைத்து மூடி, நாள்தோறும் எடை பார்த்துக் குறித்துவருக. எடை ஏறாது நின்றபின் பொடியைச் சல்லடையில் இடுக. மேலே தங்கும் கட்டியின் எடை மிகுதியாயின் அப்பொடி மழைக்காலத்தைத் தாங்காது என்பது தெளிவு. வெல்லமோ சர்க்கரையோ சேர்ந்த சத்துமாவில் இவ்வேறுபாடு நன்கு புலப்படும்.

ஒட்டிய பொட்டலத்தையும் அவ்வாறே வைத்து நிறுத்துப் பார்க்க வேண்டும். கிண்ணத்துப் பொடி பொருளின் குணத்தைக் காட்டும். பொட்டலத்தின் எடையேற்றம் உறையின் குறையைக் காட்டும். உறையில் குறையிருப்பின் மாவை மாற்றிப் பயனில்லை.

மூன்று கிண்ணச் சோதனை

காறலை அறிய மூக்கே முதற்கருவி. ஆயினும் செய்தவரே முகர்ந்து சொல்லும் தீர்ப்பு நடுநிலையாகாது. இரு கிண்ணங்களில் புதிய மாவும் ஒன்றில் பழைய மாவும் இட்டு, எது வேறு என்று கூறாமல் ஆறு பேரிடம் தனித்தனியே காட்டுக. குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூவரில் ஒருவர் சொல்வது சரியாக அமையக்கூடும். அறுவரும் வேறுபட்ட கிண்ணத்தையே சுட்டினால் மாவு மாறிவிட்டது என்று கொள்க. அரைப்பதற்கு முன் கம்பைக் கொதிநீரில் சில விநாடி முக்கி, நன்கு உலர்த்தினால் நொதிகள் அடங்கிக் காறல் தாமதமாகும். அதனையும் இச்சோதனையாலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

விரைவுச் சோதனையும் காத்திருத்தலும்

மருந்துத் தொழிலில் 40 டிகிரி உஷ்ணத்திலும் 75 சதவீத ஈரப்பதத்திலும் 6 மாதம் வைத்துச் சோதிக்கும் வழக்கம் உண்டு. உஷ்ணம் 10 டிகிரி ஏறினால் கெடும் வேகம் ஏறக்குறைய இருமடங்காகும் என்பது பொதுவான கணக்கு. அதன்படி 40 டிகிரியில் ஒரு மாதம், 30 டிகிரியில் இரு மாதத்துக்கு ஒப்பாகும். எனினும் இது மதிப்பீடேயன்றி உறுதியன்று. எல்லாப் பொடியும் இக்கணக்குக்கு அடங்குவதில்லை.

ஆதலால் ஒவ்வொரு முறை அரைக்கும்போதும் சில பொட்டலங்களை எடுத்து, கடையில் இருப்பது போன்றே அலமாரியில் வைத்திடுக. மாதம் ஒன்றைப் பிரித்து, மேற்கூறிய சோதனைகளைச் செய்து, பூச்சி உண்டா என்றும் பார்த்துப் பதிவேட்டில் எழுதுக. நான்காம் மாதம் நன்றாயிருந்து ஐந்தாம் மாதம் குறை கண்டால், மூன்று மாதம் என்று அச்சிடுதலே நேர்மை. வியாபாரி நீண்ட தேதி கேட்பினும் பதிவேடு காட்டும் தேதியை மீறலாகாது.

தராசு, சல்லடை, ஜாடி, ஒரு பிடி உப்பு, ஒரு பதிவேடு ஆகிய இவையே மூலதனம். இவற்றை ஒழுங்காகக் கையாளும் குழுவின் பொட்டலத்தைத் தாய்மார்கள் ஐயமின்றிப் பிரிப்பர். அந்த நம்பிக்கையை ஈட்டுவதே நம் கிராமத் தொழிலின் உண்மையான அபிவிருத்தியாகும்.