கணிப்பொறியின் துபாசி

மீஞ்சூருக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டில் 1613இல் டச்சுக்காரர் கோட்டை அமைத்து வாணிகம் செய்தனர். அவர்தம் மொழி வேறு. நம்மவர் மொழி வேறு. இடைநின்று இருமொழியும் உணர்த்துவோரைத் துபாசி என்பர். கணிப்பொறிக்கும் அதனோடு இணைந்த கருவிக்கும் இடையே அத்தொழில் புரியும் மென்பொருளே ‘டிரைவர்’ எனப்படும் இயக்கி.

கருவி இயங்காதபோது, அது பழுதென உடனே முடிவுகட்டல் ஆகாது. முதற்கண் மின்னிணைப்பையும் கம்பியையும் நோக்குக. பின்னர் விண்டோஸில் ‘டிவைஸ் மேனேஜர்’ பகுதியைத் திறந்து காண்க. கருவியின் பெயரருகே மஞ்சள் நிற வியப்புக்குறி இருப்பின் அங்கே குறையுண்டு. பிழை எண் 28 எனில், இயக்கி நிறுவப்படவில்லை என்பது பொருள். கருவியின் மாதிரி எண்ணையும், விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்பதையும் அறிந்து, உற்பத்தியாளரின் தளத்திலிருந்தே இயக்கியைப் பெறுக. புதுப்பித்தபின் கோளாறு நேர்ந்ததாயின், ‘ரோல் பேக் டிரைவர்’ பொத்தான்வழி முந்தைய இயக்கிக்கு மீளலாம்.

தமிழ் பயில்வோர் மேலும் ஒன்றை அறிதல் வேண்டும். திரையிலேயே தமிழெழுத்து சிதைந்து தோன்றின், குற்றம் இயக்கியினது அன்று, எழுத்துக் குறியீட்டினது. 1999இல் சென்னைத் தமிழிணைய மாநாட்டையொட்டி டாம், டாப் குறியீடுகள் வந்தன; 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. பழைய குறியீட்டில் அமைந்த மலர்க் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றாமல் கணிப்பொறியை மட்டும் மாற்றினால், அவற்றுக்குரிய எழுத்துருவும் உடன் மறையும். முன்னோர் கட்டுரைகள் கண்முன் இருந்தும் படிக்கவியலாதனவாகும். ஆதலின், புதுப்பிக்குமுன் கோப்புகளைப் படியெடுத்து, யூனிகோடுக்கு மாற்றிக் காத்தல் நம் கடமையாம்.