அவமோதரியமும் உடற்பருமனும்

சித்தன்னவாசல் மலையேறி ஏழடிப்பட்டத்துக் கற்படுக்கைகளைக் கண்டு வணங்குவது எங்கள் குடும்ப வழக்கம். எழுபதைக் கடந்தபின் ஒருமுறை பாதி வழியிலேயே மூச்சு வாங்கி அமர்ந்துவிட்டேன். எடையைக் குறைக்கும்படி மருத்துவர் கூறினார். எனக்கோ வியப்பு! பகலிலேயே உணவை முடிப்பவள் நான். அட்டமி, சதுர்த்தசி நோன்பும் தவறியதில்லை.

பிழை பாரணையில் இருந்தது. மறுநாள் வடையும் பாயசமும். மற்ற நாள்களில், பொழுது சாயுமுன் முடிக்கவேண்டும் என்ற அவசரத்தில் இருமடங்கு சோறு. புறத்தவம் ஆறனுள் முதலாவதான அனசனத்தைப் பற்றிக்கொண்டு, இரண்டாவதான அவமோதரியத்தை மறந்திருந்தேன். ஆடவர்க்கு 32 கவளம், மகளிர்க்கு 28 கவளம் நிறைவுணவு எனவும், அதனினும் குறைத்துண்பதே அவமோதரியம் எனவும் சமண நூல்கள் வகுக்கின்றன. (கவளத்தைப் பெரிதாக உருட்டினால் கணக்குப் பயன்படாது!)

இந்தியப் பெண்களின் இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. என்னும் அளவைத் தாண்டினால் நீரிழிவும் இதய நோயும் வரும் வாய்ப்பு மிகும். மாவுச்சத்து ஒரு கிராம் 4 கலோரி தருகையில் எண்ணெய் 9 கலோரி தருகிறது. ஆகவே வடையை விடுத்துச் சுண்டலுக்கு மாறினேன். சோற்றைக் குறைத்துப் புடலை, அவரைப் பொரியலைக் கூட்டினேன். வாரம் 150 நிமிட உடலுழைப்பை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. நாளுக்கு 30 நிமிடமாக ஐந்து நாள் நடந்தேன். நீரிழிவுக்கு மருந்து உண்போர் மருத்துவரைக் கேளாமல் நோன்பு நோற்றல் ஆகாது.

ஆறு திங்களில் நான்கு கிலோ குறைந்தது. சென்ற தைத் திங்களில் மீண்டும் மலையேறினேன். பேத்தியின் கையைப் பற்றித்தான்; எனினும் கற்படுக்கை வரை சென்றேன்.