மருத்துவமனையில் ஓர் இயற்பியலாளர்

இயற்பியல் படித்தவர் ஆசிரியராகத்தான் ஆக வேண்டும் என எண்ணுவோர் இன்றும் உண்டு. கெப்பாலா பத்தாஸ் வட்டாரத்தில், பெர்த்தாமில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனை உள்ளது. அங்குப் புற்றுநோயாளிகளுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிக்கப்படுகிறது. இச்சிகிச்சையில் எவ்வளவு கதிர்வீச்சு தேவை என்பதை மருத்துவர் முடிவு செய்வார். அது கட்டியில் சரியாகப் பட வேண்டும். அருகிலுள்ள உறுப்புகளை இயன்றவரை தவிர்க்க வேண்டும். அதற்குரிய கணக்கைச் சரிபார்ப்பவர் மருத்துவ இயற்பியலாளர். கதிர்வீச்சு அளவின் அலகு ‘கிரே’. பெரும்பாலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 கிரே வீதம், பல வாரங்களுக்குப் பிரித்துக் கொடுப்பர். குறைந்தால் கட்டி எஞ்சும். கூடினால் நல்ல திசு கெடும். அதனால்தான் இயந்திரத்தையும் அவர் அடிக்கடி அளந்து சோதிக்கிறார். நோயாளிகள் பலர் அவரைப் பார்ப்பதே இல்லை!

இத்துறையை அதே பல்கலைக்கழகத்தின் பினாங்குத் தீவு வளாகத்தில் பயிலலாம். நான்காம் படிவத்திலேயே இயற்பியலைக் கைவிட்டவருக்கு அவ்விடம் எளிதில் கிட்டாது.