பற்களைப் பேணலும் இழந்த பல்லுக்கு மாற்றும்

பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்தி அதனை உடனே பிணைக்கின்றார். பயிரில் பூச்சி கண்டால் விவசாயி வாளாவிருப்பதில்லை. ஆனால் பல்லில் சொத்தை கண்டால் மட்டும், வலி பொறுக்க முடியாத நாள் வரை நம்மில் பலர் காலந் தாழ்த்துகின்றோம். அதன் பயனாக, சிறு செலவில் அடைத்துக் காக்கத்தக்க பல்லைப் பிடுங்கியெறிய நேரிடுகின்றது.

சொத்தை உண்டாகும் விதம்

வாயில் வாழும் நுண்ணுயிர்கள் பற்களின்மேல் மெல்லிய படலமாகப் படிகின்றன. நாம் உண்ணும் இனிப்பை அவை அமிலமாக மாற்ற, அவ்வமிலம் எனாமல் என்னும் மேலுறையைக் கரைக்கின்றது. குழி விழுந்த எனாமல் மீண்டும் வளர்வதில்லை. இனிப்பின் அளவைவிட, அதனை எத்தனை முறை உட்கொள்கிறோம் என்பதே முக்கியம். வேலைக்கிடையே பலமுறை சர்க்கரையிட்ட தேநீர் பருகுவோர் இதனைக் கருத வேண்டும். அப்படலமே ஈறோரத்தில் காறையாக இறுகினால், ஈறு வீங்கி இரத்தம் கசியும். நாளடைவில் எலும்பு தேய்ந்து பல் ஆடும்.

அன்றாடக் கடமைகள்

1. காலையிலும், இரவு உறங்குமுன்பும், மென்மையான தூரிகையும் ஃபுளோரைடு பற்பசையும் கொண்டு 2 நிமிடம் துலக்குக. இரவில் துலக்குவதை ஒருநாளும் விடலாகாது.

2. செங்கற்பொடி, கரித்தூள், மணல் ஆகியவை எனாமலைத் தேய்த்துவிடும், அவற்றை விலக்குக.

3. நூலைப் பல்லால் கடித்து அறுத்தல் முன்பற்களின் விளிம்பைச் சிதைக்கும். கத்தரி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

4. புகையிலையும் பாக்கும் வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகும். 2 வாரத்தில் ஆறாத புண்ணோ வெண்திட்டோ வாயில் காணின், உடனே மருத்துவரிடம் காட்டுக.

5. குழந்தைக்கு ஆறு வயதளவில் முளைக்கும் கடைவாய்ப்பல், விழுந்து முளைக்கும் பாற்பல் அன்று. ஆயுள் முழுதும் இருக்க வேண்டிய பல். அதனைக் காப்பது பெற்றோர் கடமை.

இழந்த பல்லுக்கு மாற்று

பல் விழுந்த இடத்தை வெறுமனே விட்டால், பக்கத்துப் பற்கள் அவ்விடத்தை நோக்கிச் சாயும், எதிர்ப்பல் நீளும், மெல்லுதல் குறையும். மாற்று மூவகைப்படும்.

முதலாவது, கழற்றி மாட்டும் பல்செட். செலவு குறைவு. இரவில் கழற்றித் தண்ணீரில் இட்டுவைக்க வேண்டும். கொதிநீரில் இட்டால் வடிவம் கெடும். தாடையெலும்பு தேயுந்தோறும் இது தளருமாதலால், சில ஆண்டுகளுக்கொருமுறை சீர்செய்ய வேண்டும்.

இரண்டாவது, இருபுறப் பற்களையும் செதுக்கி உறையிட்டு நிலையாகப் பொருத்தும் பாலம். இதில் நல்ல பற்களையும் செதுக்க நேரும் என்பதை உணர்க.

மூன்றாவது, எலும்பில் டைட்டானியத் திருகு பதித்து அதன்மேல் பல் அமைத்தல். ஸ்வீடன் நாட்டுப் பிரோனமார்க் 1965-இல் இதனை முதன்முதல் மனிதருக்குச் செய்தார். திருகு எலும்புடன் ஒன்றச் சில மாதங்களாகும். செலவு மிகுதி, புகைப்போருக்கும், நீரிழிவைக் கட்டுப்படுத்தாதோருக்கும் பலன் குறையக்கூடும்.

மலிவென்று எண்ணித் தகுதியற்றோரிடம் சென்று, பக்கத்துப் பற்களோடு ஒட்டவைக்கும் பல்லைக் கட்டிக்கொள்ளற்க. அதனடியில் உணவு தங்கி ஈறு அழுகும். நல்ல பற்களும் போகும். பதிவுபெற்ற பல் மருத்துவரையே நாடுக. முழுச் செலவையும் முன்னதாகவே கேட்டறிக. கடன் வாங்குமுன் அரசு மருத்துவமனைப் பல் பிரிவில் விசாரித்தல் நலம்.

சங்க நிர்வாகிகள் ஆண்டுக்கொருமுறை பல் பரிசோதனை முகாம் நடத்த முயல்வார்களாயின், அங்கத்தினர் குடும்பங்கள் பெரிதும் பயனடையும். தொடக்கத்திலேயே அடைத்த பல்லுக்கு மாற்றுப்பல் தேவையில்லை.