பகலில் தூக்கம், இரவில் நடை

கேள்வி: எங்கள் நாய்க்கு 12 வயது. பகலெல்லாம் தூங்குகிறது, நடுராத்திரியில் எழுந்து அலைகிறது, சுவரைப் பார்த்துக் குரைக்கிறது. ஏன்?

பதில்: வயதான நாய்களுக்கு வரும் மறதிநோயாக இருக்கலாம். மூளை தளரும்போது பகல், இரவுக் கணக்கே மாறிப்போகும். பழகிய வீட்டிலேயே கதவின் கீல் பக்கம் போய் நின்று, திறக்கும் என்று காத்திருக்கும்; மூலையில் மாட்டிக்கொண்டு பின்வாங்கத் தெரியாமல் விழிக்கும். பார்க்கவே மனசு கஷ்டப்படும்.

ஆனால் உடனே அந்த முடிவுக்கு வந்துவிடாதீர்கள். மூட்டுவலி, பார்வை மங்கல், சிறுநீரகக் கோளாறு எல்லாமே இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும். வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்தால் ரத்தப் பரிசோதனை அவசியம். மாலையில் சற்று நடக்கக் கூட்டிப்போங்கள். படுக்கையருகே சிறு விளக்கு எரியட்டும். நீங்கள் போடும் தூக்க மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். இரவு நடமாட்டத்தைச் செல்போனில் வீடியோ எடுத்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அதைத் திட்டாதீர்கள், பாவம், வேண்டுமென்று செய்யவில்லை.